ஸ்டிக்கர் விலைக்கே ஸ்போர்ட்ஸ் கார்: அமெரிக்க டீலர் மார்க்கப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் புது கார்வெட், போர்ஷே 911 ஜிடி3, சிவிக் டைப் ஆர், ஜிஆர் கொரோலா போன்ற வண்டி வாங்கப் போகிறவர்கள் கண்ணாடியில் இரண்டு தாள்களைப் பார்ப்பார்கள். முதல் தாள் கம்பெனி ஒட்டியது, அதில் உள்ளதுதான் ஸ்டிக்கர் விலை. பக்கத்திலேயே அதே மாதிரி அச்சடித்த இரண்டாவது தாளில் "மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்" என்று ஒரு வரி, அதற்கு நேரே 10,000 டாலரோ 20,000 டாலரோ இருக்கும். மார்க்கப் எனப்படும் அந்தக் கூடுதல் தொகையைக் கொடுக்காமல் வண்டி வாங்குவது எப்படி என்பதற்கான பதில்கள் இவை.

ஸ்டிக்கர் விலைக்கு மேல் கேட்பது சட்டப்படி சரியா?

சரிதான். எம்எஸ்ஆர்பி என்பது கம்பெனி "பரிந்துரைக்கும்" விலை. டீலரை அது கட்டுப்படுத்தாது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புது வண்டியின் கண்ணாடியிலும் கம்பெனியின் விலைத்தாள் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஒக்லஹோமா செனட்டரின் பெயரால் அதை மன்ரோனி ஸ்டிக்கர் என்கிறார்கள். அடிப்படை விலை, ஒவ்வொரு ஆப்ஷனின் விலை, டெஸ்டினேஷன் கட்டணம் (வண்டியை டீலரிடம் கொண்டுவரும் செலவு), மொத்தம், வண்டியின் அடையாள எண்ணான விஐஎன், எந்த டீலருக்கு அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். வாங்குபவர் கைக்கு வண்டி போகும் முன் அதைக் கிழிப்பது கூட்டாட்சிக் குற்றம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளுக்கு அந்த மதிப்பு கிடையாது. அது டீலர் தன் பிரிண்டரில் எடுத்த ஆசைப்பட்டியல், அவ்வளவுதான்.

டீலர்களின் விலை விளம்பரத்தை ஒழுங்குபடுத்த, கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2023 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனவே கூட்டாட்சி அளவில் மார்க்கப்பைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

கம்பெனிகளுக்கு இது தெரியாதா? ஏன் தடுப்பதில்லை?

நன்றாகவே தெரியும். டீலர்கள் கம்பெனியின் கிளைகள் அல்ல, தனி வியாபாரிகள். பெரும்பாலான மாநிலங்களில் பிரான்சைஸ் சட்டங்கள் அவர்கள் பக்கம் நிற்கின்றன. "இந்த விலைக்குத்தான் விற்க வேண்டும்" என்று கம்பெனி உத்தரவிட முடியாவிட்டாலும், யாருக்கு எத்தனை வண்டி அனுப்புவது என்பது அதன் கையில்தான் இருக்கிறது. 2018 டாட்ஜ் டீமனில் இதைப் பயன்படுத்தினார்கள்: ஸ்டிக்கர் விலைக்கோ அதற்குக் கீழோ விற்ற ஆர்டர்களே உற்பத்தி வரிசையில் முதலில் போயின. 2023இல் வந்த டீமன் 170க்கும் கிட்டத்தட்ட இதே முறைதான். இப்படி ஒரு திட்டம் உள்ள மாடலில் "சீக்கிரம் கிடைக்கும், அதனால் கூட விலை" என்று ஒரு டீலர் சொன்னால், நிலைமை நேர் எதிர்.

அலொகேஷன் என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது என்ன?

ஒரு மாடலில் ஒரு டீலருக்குக் கம்பெனி ஒதுக்கும் வண்டிகளின் எண்ணிக்கை. பெரும்பாலும் முந்தைய விற்பனையை வைத்து ஒதுக்குவார்கள். அதிகம் விற்றவருக்கு அதிகம் கிடைக்கும். வருடம் நான்கு கார்வெட் விற்கும் சிறு ஊர் டீலருக்கு அதன் வேகமான வகையான இசட்06 ஒன்று வருவதே பெரிய விஷயம். அந்த ஒன்றில் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு கறக்கத்தான் பார்ப்பார். வருடம் நூற்றுக்கணக்கில் விற்பவர் எண்ணிக்கையில் சம்பாதிக்கிறார். அடுத்த வருட ஒதுக்கீடும் அந்த எண்ணிக்கையால்தான் வருகிறது. எனவே ஸ்டிக்கர் விலைக்கே விற்று வரிசையை நகர்த்துவது அவருக்கு லாபம்.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்து டீலரிடம் உட்கார்ந்து 15,000 மார்க்கப்பை 9,000 ஆக்க நான்கு சனிக்கிழமைகளைச் செலவழிப்பார்கள். பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவரிடம் ஒதுக்கீடே இல்லையென்றால் பேரம் பேசி என்ன ஆகப் போகிறது. அந்த நேரத்தில் 30 டீலர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம்.

மார்க்கப் வாங்காத டீலரை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் ஊரிலிருந்து 500 மைல் சுற்றளவில் அந்த பிராண்டின் எல்லா டீலர்களையும் ஒரு விரிதாளில் எழுதுங்கள். பொது முகவரிக்கு எழுதாமல் விற்பனை மேலாளருக்கு எழுதுங்கள். கார்வெட் மாதிரி வண்டிகளுக்குப் பல இடங்களில் தனி ஆள் இருப்பார், அவரைக் கேளுங்கள். கடிதம் ஐந்து வரியைத் தாண்ட வேண்டாம்:

எந்த மாடல், எந்த டிரிம் (மாடலின் வகை). கடந்த 12 மாதத்தில் இந்த மாடல் எத்தனை டெலிவரி செய்தீர்கள்? இப்போது பட்டியலில் எனக்கு முன்னால் எத்தனை பேர்? எம்எஸ்ஆர்பிக்கு மேல் எதுவும் சேர்ப்பீர்களா, கட்டாய ஆக்சஸரி உண்டா? டாக் ஃபீ (ஆவண வேலைக்கு டீலர் வாங்கும் கட்டணம்) எவ்வளவு? முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

டெலிவரி எண்ணிக்கை, முன்னால் இருப்பவர்கள் என்ற இரண்டு கேள்விகளின் விடைகளைச் சேர்த்துப் பாருங்கள். வருடம் 6 வண்டி வருகிறது, முன்னால் 40 பேர் என்றால், எல்லோரும் காத்திருந்தால் உங்கள் முறை வர ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். அந்த டீலர் நல்லவராகவே இருக்கலாம், உங்களுக்குப் பயனில்லை. எண்ணைச் சொல்லாமல் "நேரில் வாங்க, பேசலாம்" என்று மட்டும் பதில் வந்தால் அந்த வரியை அழித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

முன்பணம் கொடுக்கும்போது என்ன எழுதி வாங்க வேண்டும்?

வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. 500 டாலரோ 1,000 டாலரோ, கிரெடிட் கார்டில் கொடுங்கள். தகராறு வந்தால் கார்டு கம்பெனியிடம் முறையிட வழி இருக்கும். பணமாகவோ வயர் (வங்கிப் பரிமாற்றம்) மூலமோ கொடுத்தால் அந்த வழி அடைபடும். தாளில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், மாடல், டிரிம், மாடல் ஆண்டு, "கம்பெனி எம்எஸ்ஆர்பிக்கே விற்பனை, டீலர் மார்க்கப் இல்லை, டீலர் பொருத்தும் ஆக்சஸரி இல்லை" என்ற வாக்கியம், டாக் ஃபீ தொகை, வரிசையில் உங்கள் எண், முன்பணம் முழுமையாகத் திரும்பும் என்ற உறுதி, மேலாளரின் கையெழுத்து. சேல்ஸ்மேன் கையெழுத்து மட்டும் போதாது. அவர் ஆறு மாதத்தில் வேறு ஷோரூமுக்குப் போய்விடுவார். புதிதாக வருபவருக்கு உங்களைத் தெரியாது.

எந்த நாளின் எம்எஸ்ஆர்பி என்பதும் முக்கியம். காத்திருக்கும் காலத்தில் கம்பெனியே விலையை ஏற்றினால் அந்த ஏற்றம் உங்கள் தலையில்தான் விழும். அது மார்க்கப் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு டீலரோடு சண்டை போட வேண்டாம்.

ஆர்டர் உண்மையிலேயே போட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜிஎம் (கார்வெட்டைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் இது எளிது. ஆறு எழுத்து-எண் கொண்ட ஆர்டர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். செவ்ரோலே வாடிக்கையாளர் சேவையிடம் அதைக் கொடுத்தால் நிலை எண்ணைச் சொல்வார்கள். 1100 என்றால் ஆர்டர் கணினியில் ஏறியிருக்கிறது, அதற்கு மேல் எதுவும் இல்லை. 2000 என்றால் ஜிஎம் ஏற்றுக்கொண்டது. 3000 வந்தால் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது, தயாரிப்பு வாரமும் குறித்தாயிற்று. 3800 தயாராகிவிட்டது. 4200 அனுப்பியாயிற்று. 5000 டீலர் வாசலில் நிற்கிறது. "உங்கள் கார் பில்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது சார்" என்று சொல்லிவிட்டு ஆர்டர் 1100லேயே மாதக்கணக்கில் கிடந்தால், அந்த டீலருக்கு ஒதுக்கீடு வரவில்லை என்று பொருள். 3300க்கு வந்த பிறகு நிறத்தையோ ஆப்ஷனையோ மாற்றச் சொல்வது நடக்காத காரியம்.

இன்னொன்றையும் பாருங்கள்: ஆர்டர் வகை. எஸ்ஆர்இ என்றால் வாடிக்கையாளருக்கு விற்ற ஆர்டர். டிஆர்இ என்றால் டீலரின் சொந்த ஸ்டாக். உங்கள் முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆர்டரை டிஆர்இ ஆகப் போட்டிருந்தால், வண்டி வந்த அன்று அது யாருக்கு வேண்டுமானாலும் போகலாம்.

ஹோண்டா, டொயோட்டாவில் இப்படி ஆர்டர் போட முடியுமா?

அந்த அளவுக்கு முடியாது. டைப் ஆர், ஜிஆர் கொரோலா இரண்டும் கம்பெனி தீர்மானித்த நிறங்களில் டீலர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. நீங்கள் பெறுவது வரப்போகும் வண்டிகளில் ஒன்றின் மேல் ஓர் இடம், அவ்வளவுதான். நிறத்தில் பிடிவாதம் இல்லாதவருக்குச் சீக்கிரம் கிடைக்கும். முதல் விருப்ப நிறம், இரண்டாவது விருப்ப நிறம், எந்த நிறம் வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டொயோட்டாவில் ஒரு சிக்கல் உண்டு. ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, இரு கரோலினாக்களில் சவுத்ஈஸ்ட் டொயோட்டா என்றும், டெக்ஸஸ், ஒக்லஹோமா, லூயிசியானா, ஆர்கன்சாஸ், மிசிசிப்பியில் கல்ஃப் ஸ்டேட்ஸ் டொயோட்டா என்றும் தனியார் விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். வண்டி டீலரிடம் போகும் முன்னாலேயே இவர்கள் சில பேக்கேஜ்களைச் சேர்ப்பதுண்டு. அங்கே டீலரிடம் "கழற்றிவிட்டுத் தாருங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. வேறு பகுதி டீலரிடம் அதே வண்டியின் மொத்த விலையைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

"மார்க்கப் இல்லை, ஆனால் 4,000 டாலர் ஆக்சஸரீஸ் கட்டாயம்" என்கிறார்கள்.

பெயர் மாறிய மார்க்கப். செராமிக் கோட்டிங், கண்ணாடியில் விஐஎன் பொறிப்பது, திருட்டுத் தடுப்பு கருவி, கதவு ஓரக் காப்பு, டயரில் நைட்ரஜன். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதி 22க்கு 199 டாலர் கேட்கிறார்கள்! செராமிக் கோட்டிங்கில் இன்னொரு கெடுதலும் உண்டு. பெயிண்டை ஒழுங்காகத் திருத்தாமல் மேலே பூசிவிட்டால், கழுவும்போது விழுந்த வட்டக் கீறல்கள் பூச்சுக்கு அடியில் தங்கிவிடும். பிறகு நல்ல ஆளிடம் போனால், முதலில் இவர்கள் பூசியதை எடுக்க ஒரு காசு, பிறகு பூச ஒரு காசு.

ஏற்கெனவே பொருத்தியிருந்தால், அது வெளியில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பார்த்து அந்தத் தொகைக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் பொருத்தாத பொருளென்றால் ஒற்றைச் சொல்: வேண்டாம்.

பேச்சு முழுவதும் "அவுட் தி டோர்" தொகையிலேயே நிற்கட்டும்: எம்எஸ்ஆர்பி, டாக் ஃபீ, வரி, பதிவு, வேறொன்றும் இல்லை. டெஸ்டினேஷன் எம்எஸ்ஆர்பி மொத்தத்திலேயே அடங்கியிருக்கிறது. மறுபடி தனியாகச் சேர்த்திருந்தால் இரட்டைக் கணக்கு. எரிபொருள் அதிகம் குடிக்கும் கார்களுக்கான கேஸ் கஸ்லர் வரியும் (கேலனுக்கு 22.5 மைலுக்குக் கீழ் தருபவை, 1,000 முதல் 7,700 டாலர் வரை) ஸ்டிக்கரிலேயே இருக்கும். டாக் ஃபீ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் 175 டாலர்தான் உச்சம். ஃப்ளோரிடாவில் உச்சவரம்பே இல்லை.

வேறு மாநிலத்தில் வாங்கினால் வரி மிச்சமா?

இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரி இல்லை என்பதற்காக அங்கே வாங்கி நியூஜெர்சிக்குக் கொண்டுவந்தால், பதிவு செய்யும்போது நியூஜெர்சி வரியைக் கட்டத்தான் வேண்டும். வெளிமாநிலம் போவதன் லாபம் மார்க்கப் இல்லாததில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாக்காரர்கள் கவனிக்க: 7,500 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டி கலிஃபோர்னியா மாசுச் சான்று இல்லாமல் வெளியிலிருந்து வந்தால் பொதுவாகப் பதிவு செய்ய முடியாது. பானெட்டுக்கு அடியில் உள்ள எமிஷன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மார்க்கப்பைக் கடனில் சேர்த்துவிட்டால் மாதம் கொஞ்சம்தானே கூடும்?

அந்தக் "கொஞ்சத்தை" ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மார்க்கப் 10,000 டாலர். அதற்கும் விற்பனை வரி உண்டு. 8 சதவீதம் என்றால் 10,800. 7 சதவீத வட்டி, 60 மாதம். மாதம் 214 டாலர், மொத்தம் சுமார் 12,830. வண்டியில் ஒரு போல்ட் கூட அதிகமாக வரவில்லை.

பல வங்கிகள் எம்எஸ்ஆர்பியை அடிப்படையாக வைத்து ஓர் எல்லை வரைதான் கடன் கொடுக்கும். மிச்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். லீஸ் இன்னும் மோசம். லீஸ் முடியும்போது வண்டியின் மதிப்பை எம்எஸ்ஆர்பியில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள். மார்க்கப் அந்த மதிப்பை ஏற்றாது. ஆகவே 5,000 டாலர் மார்க்கப் முழுவதும் 36 மாதத்தில் கரைய வேண்டும். மாதம் 139 டாலர், அதன் மேல் வட்டி.

போவதற்கு முன்பே கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களின் கூட்டுறவுக் கடன் சங்கம்) கடனுக்கு அனுமதி வாங்கி வையுங்கள். "எம்எஸ்ஆர்பிக்குத் தருகிறோம், கடன் மட்டும் எங்களிடம் எடுக்க வேண்டும்" என்று கேட்டால் உடனே முகம் சுளிக்க வேண்டியதில்லை. முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை என்று ஒப்பந்தத்தில் இருந்தால், எடுத்துக்கொண்டு பிறகு குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். இதில் இரு பக்கமும் பிழைக்கும்.

விபத்தில் வண்டி முழுவதும் போனால் இன்சூரன்ஸ் மார்க்கப்பைத் தருமா?

தராது. சாதாரணப் பாலிசி அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். கேப் இன்சூரன்ஸ் அந்த மதிப்புக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தை அடைக்கும் என்றாலும், அதற்கும் எம்எஸ்ஆர்பியை ஒட்டிய உச்சவரம்பு இருப்பதுண்டு. மதிப்பை முன்பே ஒத்துக்கொண்டு எழுதும் பாலிசி உண்டு. ஆனால் தினசரி ஓட்டும் வண்டிக்கு அது எளிதில் கிடைக்காது.

வண்டி வந்த பிறகு "விலை மாறிவிட்டது" என்றால்?

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. இது நடப்பது பெரும்பாலும் எழுதி வாங்காதவர்களுக்கு. கையெழுத்திட்ட தாள் இருந்தால் முதலில் ஜெனரல் மேனேஜர், பிறகு உரிமையாளர், பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை, கடைசியாக மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு எழுத்துமூலப் புகார். குரலை உயர்த்த வேண்டாம். தாளின் நகலை இணைத்து, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று எழுதுங்கள். தாள் இல்லையென்றால் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் வழி. இரண்டு, மூன்று டீலர்களின் பட்டியலில் ஒரே சமயத்தில் பெயர் இருந்தால் அப்படிக் கிளம்புவது சுலபம். திரும்பக் கிடைக்கும் முன்பணமாக இருக்கும் வரை அதில் தவறும் இல்லை.

ஒரு வருடம் விற்கக் கூடாது என்று கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா?

ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் போடலாம். சொல்லப்போனால் உங்களுக்கு நல்லதுதான். மறுவிற்பனைக்காக வாங்குபவர்கள் விலகினால் வரிசை குறையும். 2017 ஃபோர்டு ஜிடியில் இரண்டு வருடத் தடை இருந்தது. அதற்குள் விற்ற ஜான் சீனா மீது ஃபோர்டு வழக்கே போட்டது, பிறகு சமரசமானது. கார்வெட் இசட்06இல் ஜிஎம் இரண்டு பக்கமும் பிடித்தது: 12 மாதம் வைத்திருந்தவருக்கு 5 லட்சம் ரிவார்ட்ஸ் புள்ளிகள், அதற்குள் விற்றால் சில வாரண்டிகள் அடுத்தவருக்குப் போகாது. போர்ஷே 911 எஸ்/டி அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு முதல் வருடம் லீஸாகவே தரப்பட்டது.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியது: மீறினால் எவ்வளவு தொகை, வேலை போனாலோ நாடு திரும்ப நேர்ந்தாலோ விலக்கு உண்டா, டீலரே திரும்ப வாங்குவதென்றால் என்ன விலைக்கு. விசாவில் இருப்பவர்கள் இந்த மூன்றையும் கேட்காமல் போட வேண்டாம்.

காத்திருந்தால் மார்க்கப் குறையுமா? எப்போது கொடுத்துத் தொலைக்கலாம்?

தொடர் உற்பத்தி வண்டியென்றால் குறையும். 2023 நிஸான் இசட் 39,990 டாலரில் தொடங்கியது. ஆரம்பத்தில் அதன் மேல் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் ஸ்டிக்கருக்குக் கீழே தள்ளுபடியில் கிடைத்தது. 2019 ஜூலையில் 60,000 டாலருக்குக் கீழே என்று அறிவித்து உலகையே வரிசையில் நிறுத்திய சி8 கார்வெட்டுக்கும் பிற்பாடு தள்ளுபடி வந்தது. முதல் மாடல் ஆண்டில் வாங்குபவர் மார்க்கப்போடு முதல் வருடக் கோளாறுகளையும் சேர்த்து வாங்குகிறார். அதை ஏனோ யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எண்ணிக்கை நிர்ணயித்த வண்டி வேறு கதை. 911 எஸ்/டி மொத்தம் 1,963 வண்டிகள்தான். அங்கே காத்திருப்பதால் கூடுதல் வண்டி பிறக்காது. எங்கள் கருத்தில், தொடர் உற்பத்தி வண்டிக்கு மார்க்கப் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. எண்ணிக்கை குறைந்த வண்டிக்குக் கொடுப்பதாக இருந்தால், அந்தப் பணம் திரும்பாது என்று வைத்துக்கொண்டு, கடனில் அல்லாமல் கையிருப்பிலிருந்து கொடுங்கள்.

200 மைல் ஓடிய, "புதிது மாதிரி" வண்டி வாங்கலாமா?

ஒரு முறை யார் பெயரிலாவது டைட்டில் (உரிமைப் பத்திரம்) எழுதிவிட்டால் அது பழைய வண்டி. வாரண்டி முதல் டெலிவரி நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். அந்தத் தேதியைக் கேளுங்கள். புது வண்டிக்கான கடன் வட்டியும் கிடைக்காது. மேலே சொன்ன வாரண்டி மாற்றத் தடை உள்ள மாடலா என்று விஐஎன்னைக் கொடுத்துக் கம்பெனியிடம் கேட்டுவிட்டே பேரத்தைத் தொடங்குங்கள்.

மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாமாமே?

முடியாது. எஃப்டிசியின் மூன்று நாள் விதி டீலர் கடையில் கையெழுத்திட்ட கார் வியாபாரத்துக்குப் பொருந்தாது.

டெலிவரி நாளில் என்ன பார்ப்பது?

ஒரு வாரம் முன்பே "வண்டியைக் கழுவ வேண்டாம், பாலிஷ் வேண்டாம், பிளாஸ்டிக் உறையை எடுக்க வேண்டாம்" என்று எழுதி அனுப்புங்கள். புது வண்டியில் வரும் வட்டக் கீறல்களில் பெரும்பகுதி டீலரின் கழுவும் இடத்தில், முந்தைய வண்டியின் மண் ஒட்டிய துணியால் வருபவை.

பகல் வெளிச்சத்தில் போங்கள். விஐஎன்னை மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள்: கண்ணாடி ஓரத்தில், மன்ரோனி ஸ்டிக்கரில், ஒப்பந்தத்தில். ஓடோமீட்டரைப் படம் எடுங்கள். லாரியில் ஏற்றி இறக்கியதற்கும் சிறு சோதனைக்கும் மேல் மைல் இருந்தால் காரணம் கேளுங்கள். முன்பக்க பம்பரின் அடிப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். தாழ்வான கார்கள் லாரியிலிருந்து இறங்கும்போது உரசுவது அங்கேதான். சக்கர விளிம்பு நான்கையும் குனிந்து பாருங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஏதாவது இருந்தால் "பிறகு சரிசெய்து தருகிறோம்" என்பதை "வி ஓ" தாளில், அதாவது டீலர் உங்களுக்கு என்ன பாக்கி என்று எழுதும் படிவத்தில், எழுதி வாங்கிய பிறகே கையெழுத்து.

நிதி அறையில் கடைசியாக நீட்டும் தாள்களில் முதல் பக்கத் தொகையை உங்கள் மின்னஞ்சலில் உள்ள "அவுட் தி டோர்" தொகையோடு டாலர் பிசகாமல் ஒப்பிடுங்கள். மாதத் தவணையை மட்டும் காட்டி விரலால் கையெழுத்து இடத்தைத் தொட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுத் தொகை எழுதிய பக்கத்தைக் கேளுங்கள்.